அபிமானியின் விக்ஞாபனம்

அமெரிக்காவில் என்.பி.ஏ. என்ற பெயரால் நடைபெறும் கூடைப்பந்துப் போட்டிகளைப் பார்ப்பதைக் காட்டிலும், ஆட்டம் முடிந்த பிற்பாடு ஆட்டக்காரர்களுக்கும் அபிமானிகளுக்கும் இடையே ட்விட்டரில் (இப்போது அதன் பெயர் எக்ஸ்) மூளும் வாக்குவாதங்களைப் படிப்பதிலேயே அதிக ஆனந்தம் காணும் ஜீவன்களில் நானும் ஒருவன். அந்த ஆனந்தம் நாளடைவில் முற்றிப்போய், அவர்கள் எழுதாத செய்திகளையும் அவர்களே எழுதியதுபோல் கற்பித்து நண்பர்களுக்கு அனுப்பிவைக்கும் வியாதியாகப் பரிணமித்திருக்கிறது.

வியாதிக்குக் காரணம் விஷயத்தின் செழுமைதான். ஒரு பக்கம், ஏழடி உயரமும் கோடிக்கணக்கில் சம்பளமும் உடைய ஒரு மகாபுருஷர். மறுபக்கம், சோபாவில் சாய்ந்தபடி வறுவல் பொட்டலத்தில் கைவிட்டுக்கொண்டே அவருக்குப் பந்தெறியும் முறையைப் போதிக்கும் ஓர் ஆசாமி. முற்காலத்தில் இவ்விருவருக்கும் குறுக்கே அரங்கமும் காவலாளிகளும் இருந்தார்கள்; இப்போது குறுக்கே இருப்பது ஒரு கைபேசி, அதுவும் குறுக்கே நிற்பதில்லை.

மிகைப்படுத்துவதே பகடியின் லட்சணம் என்பார்கள். ஆனால் அபிமானியானவர் ஆரம்பத்திலேயே உச்சஸ்தாயியில் பேசுகிறவராதலால், அதற்கு மேல் ஏற இடம் கிடையாது. ஆகவே நான் எதிர்த்திசையில் இறங்கி, அவருடைய வசவுகளையெல்லாம் நம் பாட்டனார் காலத்துக் கடித மரியாதையில் தோய்த்தெடுப்பது வழக்கம். மாதிரிக்கு ஒன்று:

“மகாராஜராஜஸ்ரீ ஏழடி எஜமானவர்கள் சமுகத்திற்கு, தங்கள் அபிமானி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்ட விக்ஞாபனம். இவ்விடம் க்ஷேமம். நேற்றிரவு தாங்கள், தடுப்பார் எவருமின்றி, எறிந்த கடைசி இரண்டு ஃப்ரீ த்ரோக்களும் வளையத்தை ஸ்பரிசிக்காமலே சென்றபடியால், நான் பந்தயம் கட்டியிருந்த பணமும் அவற்றின் பின்னாலேயே சென்றுவிட்டது. மேற்படித் தொகையை வட்டி சகிதம் அனுப்பிவைக்கக் கோருகிறேன். தவறினால், தங்கள் தாயாரைப் பற்றி இரண்டு வரி எழுத நேரிடும் என்பதை மிக்க வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

அதற்கு எஜமானவர்களின் பதில்: “தங்கள் கடிதம் கிடைத்து விஷயம் அறிந்தேன். தங்கள் கணக்கைப் பின்தொடர்வோர் எத்தனை பேர் என்று பார்த்தேன், ஒன்பது பேர். அவர்களில் ஒருவர் தங்கள் தாயார். அந்த அம்மாளுக்கு என் நமஸ்காரத்தைத் தெரிவிக்கவும்.”

இந்த நடையில் எழுதுவதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. பொய் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாவிட்டால் அது பகடியன்று, மோசடி. ஷாகில் ஓ’நீல் 2008-ல் ட்விட்டருக்கு வந்ததே, வேறு யாரோ அவர் பெயரில் பேசிக்கொண்டிருந்ததால்தான். தம் கணக்கின் பெயரிலேயே ‘உண்மையான ஷாக்’ என்று அவர் பொறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிற்காலத்தில் ‘என்.பி.ஏ. சென்ட்ரல்’ என்ற செய்திக் கணக்கைப் போலவே தோற்றமளிக்கும் ‘என்.பி.ஏ. சென்டல்’ என்ற பரிகாசக் கணக்கு கிளம்பி, அவசரமாகப் படிக்கிறவர்களை எல்லாம் ஏமாற்றியது. நான் அந்தப் பாவத்துக்கு ஆளாக மாட்டேன். எந்த அமெரிக்க ஆஜானுபாகுவும் ‘க்ஷேமம்’ என்று ட்வீட் செய்யமாட்டார்.

எனினும் என் தொழிலுக்குப் பரம சத்துருக்கள் போலிகள் அல்லர், அசல்களே. 2015 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணியின் டிஆண்ட்ரே ஜோர்டன், அப்போதுதான் முடிந்திருந்த பருவத்தில் 100 ஃப்ரீ த்ரோ எறிந்தால் 40-ஐக்கூட உள்ளே செலுத்தாத புண்ணியவான், ஆனால் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதில் நிகரற்றவர், டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்கு வருவதாக வாக்களித்துவிட்டார். என்.பி.ஏ. விதிப்படி, கையெழுத்திடுவதற்குச் சில நாள் தடை இருந்தது. அந்த இடைவெளியில் அவர் சித்தம் சஞ்சலிக்கிறது என்ற செய்தி பரவியதும், டல்லாஸின் சாண்ட்லர் பார்சன்ஸ் ட்விட்டரில் ஒரு விமான இமோஜியைப் போட்டார். கிளிப்பர்ஸின் ஜே.ஜே. ரெடிக் ஒரு காரைப் போட்டார். பிளேக் கிரிஃபின் விமானம், ஹெலிகாப்டர், கார் மூன்றையும் வரிசையாக நிறுத்தினார். பால் பியர்ஸ் ராக்கெட்டையே கொண்டுவந்தார். இப்படிச் சதுரங்க சேனையும் ஹூஸ்டனிலிருந்த ஜோர்டனின் வீட்டை நோக்கித் திரும்ப, கடைசியில் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்திருக்கும் படம் ஒன்றைக் கிரிஃபின் வெளியிட்டார். தடை நீங்கியதும் ஜோர்டன் கிளிப்பர்ஸுக்கே கையெழுத்திட்டார். கோடீஸ்வரர்கள் தங்கள் தொழில் விவகாரத்தைக் குழந்தைகளின் படப்புத்தகத்தைப் போல நடத்தினார்கள் என்று நான் கற்பனையாக எழுதியிருந்தால், நண்பர்கள் ‘கொஞ்சம் அதிகம்’ என்று திருப்பியனுப்பியிருப்பார்கள்.

அதோடு நின்றதா? 2016-ல் ஓக்லஹோமா சிட்டி அணியை விட்டு கோல்டன் ஸ்டேட் அணிக்குச் சென்ற ஆட்டக்காரர் கெவின் டுராண்டை, ஏன் போனீர் என்று அடுத்த ஆண்டு ஒருவர் ட்விட்டரில் வினவினார். டுராண்டின் சொந்தக் கணக்கிலிருந்தே, ‘அவருக்குப் பழைய நிர்வாகத்தையும் பயிற்சியாளரையும் பிடிக்கவில்லை’ என்ற தோரணையில், தம்மை யாரோ மூன்றாம் மனிதர்போல் வைத்துப் பேசும் பதில்கள் வந்தன. புனைபெயர்க் கணக்குக்கு மாற மறந்துவிட்டார் என்று உலகம் கைகொட்டிச் சிரித்தது; சில நாளில் அவரும் அப்படி எழுதியதற்கு வருத்தம் தெரிவித்தார். பாத்திரமே பகடியை எழுதிக்கொண்டால் பகடிக்காரன் என்ன செய்வது?

2018-ல் பிலடெல்பியா அணியின் தலைமை நிர்வாகி பிரையன் கொலாஞ்சலோவின் கதை இன்னும் விசேஷம். புனைபெயர்க் கணக்குகள் சில அவரைப் புகழ்ந்தும் அவருடைய சொந்த ஆட்டக்காரர்களையே குறைகூறியும் எழுதிவந்தன. அவற்றை அவருடைய மனைவி நடத்தினார் என்று விசாரணையில் தெரியவர, நிர்வாகி பதவி விலகினார். பத்தினி தர்மத்துக்கு இதைவிட உத்தமமான உதாரணம் கிடைப்பது அரிது. என்னைச் செயலற்றவனாக்கியது வேறொன்று: அந்தச் செய்திகளுள் அவருடைய சட்டைக் காலருக்காக வாதாடிய செய்தியும் இருந்தது. காலரைக் கற்பனை செய்யும் துணிவு எனக்கு ஒருநாளும் வந்திருக்காது.

ஆட்டக்காரர், நிர்வாகி இருவரும் கைவிட்டுப் போனபின் நடுவரிடம் தஞ்சம் புகுந்தேன். நடுவருக்கு அபிமானிகள் இல்லையாதலால் அவரைப் புகழ்ந்து கடிதம் எழுதுவது முழுக் கற்பனையாகவே இருக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையும் பலிக்கவில்லை. 2023-ல், ஒரு நடுவருக்காக ட்விட்டரில் பரிந்து பேசிய ஒரு கணக்கு அவருடையதேயோ என்று என்.பி.ஏ. விசாரணை தொடங்கியது; அந்த நடுவர் ஓய்வு பெற்றதும் விசாரணையும் ஓய்ந்தது.

ஆகவே இப்போது, தரைக்கு மேல் 10 அடி உயரத்தில் 18 அங்குல விட்டத்துடன் வாய் பிளந்து காத்திருக்கும் வளையத்தின் சார்பில், வழிதவறிய பந்துகளுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வளையம் ட்விட்டரில் கணக்குத் தொடங்கியதாக இதுவரை தகவல் இல்லை. தொடங்கினாலும் புனைபெயரில்தான் தொடங்கும்.