பெட்டி ஒட்டும் நேரத்துப் பாடம்

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் ஊர் எங்களுடையது. எழுபதுகளின் கடைசியில் அங்கே தொடக்கப் பள்ளி காலை ஒன்பதரைக்குத் திறக்கும். தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியும் முன்பே வந்துவிடும். ஜூன் மாதம் ஒண்ணாப்பில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலர் கால் பரீட்சை வருவதற்குள் அந்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். வீட்டில் தம்பி இருந்தால் அவன் பள்ளிக்கு வருவான், அக்கா ஆபீஸுக்குப் போவாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கும், டீச்சர் தினமும் கூப்பிடுவார், பதில் வராது.

நான் பஸ் ஏறாமல் தப்பியதற்கு அம்மாதான் காரணம். அவளுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ரேங்க் கார்டில் கைநாட்டு வைப்பாள்.

பள்ளி என்பது ஓடு வேய்ந்த ஒரே கூடம். இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். ஒன்றும் இரண்டும் டீச்சருக்கு, மூன்று முதல் ஐந்து வரை பெரிய சாருக்கு. நடுவில் தடுப்பு கிடையாது. அதனால் இரண்டாப்பில் இருந்துகொண்டே நாலாப்பு வாய்ப்பாட்டைக் காதால் கற்றோம். முதல் பருவம் முழுவதும் மணலில் விரல், பிறகு சிலேட்டும் குச்சியும். சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை பறித்து வந்து கசக்கித் தேய்ப்போம். அடியும் உண்டு, அதை நான் அழகாக்கிச் சொல்ல மாட்டேன். புளியங்குச்சிக்குப் பயந்தே பள்ளியை விட்டு நின்றவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டுப்பாடம் என்று தனியாக எதுவும் தர மாட்டார் டீச்சர். "வீட்ல போய் சத்தம் போட்டு வாசிச்சுட்டு வரணும்" என்பார், அவ்வளவுதான். அதை நாங்கள் செய்தோமா என்று மறுநாள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அம்மா சாயங்காலம் பெட்டி ஒட்ட உட்காருவாள். ஏஜென்ட் கொண்டுவந்து போட்ட மரச்சில்லை மடக்கி, பசை தடவிய நீலத்தாளைச் சுற்றி ஒரு பக்கமாக வீசுவாள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பன்னிரண்டு பன்னிரண்டாகக் குவித்து, பன்னிரண்டு குவியல் ஆனதும் சாக்கில் அள்ளுவாள். பன்னிரண்டாம் வாய்ப்பாடு எனக்கு அந்தக் குவியல்களில்தான் மனதில் நின்றது. சிம்னி விளக்கை எங்கள் இருவருக்கும் நடுவில் வைப்பாள். நான் புத்தகத்தை விரித்து உரக்க வாசிக்க வேண்டும். அவள் கை நிற்காது, கண்ணும் என் பக்கம் வராது. நான் ஒரு சொல்லில் தடுக்கினால் மட்டும் கை நிற்கும்.

"ஏட்டி, என்ன நிப்பாட்டிட்ட?"

"தெரியலம்மா."

"எழுத்துக் கூட்டிப் பாரு. மொதல்ல இருந்து வா."

எந்தச் சொல் என்று அவளுக்குத் தெரியாது. நான் தப்பாக வாசித்தாலும் பல நேரம் தெரியாது. ஆனால் கதை முன்னுக்குப் பின் முரணாகப் போனால் உடனே பிடித்துவிடுவாள். "காக்கா வடையத் தூக்கிட்டுப் போச்சுன்னுதானே சொன்ன, இப்ப யாரு திங்கிறா?" என்று கேட்பாள். நான் திரும்பிப் போய் வாசிப்பேன். பொருள் புரிந்து வாசிப்பது என்று இன்று ஆசிரியர் பயிற்சியில் சொல்கிறார்களே, அதை எனக்குப் பழக்கியது எழுத்தறியாத அந்தக் காதுதான்.

சொல்லிக்கொடுக்க அண்ணன் இருந்தான். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபின் புத்தகத்து எழுத்துகள் மாறத் தொடங்கின. அண்ணன் படித்தது பழைய 'லை', யானை தும்பிக்கையைத் தூக்கிய மாதிரி இருக்கும். என் புத்தகத்தில் புதிய 'லை'. இருவரும் சண்டை போட்டு டீச்சரிடம் போனோம். அவர் இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "கடையில போர்டைப் படிக்கப் பழசு, பரீட்சைக்குப் புதுசு, ரெண்டையும் தெரிஞ்சுக்கோ" என்றார். அந்தத் தெளிவுக்காக இன்றும் அவரைக் கும்பிடுகிறேன்.

அந்த டீச்சர் செய்த இன்னொரு காரியம் பெரிது. பருவத்தில் ஒரு முறையாவது ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வருவார். உட்கார மாட்டார். அம்மாவிடம் பேசியது இவ்வளவுதான்: "பிள்ளைய பஸ்ல ஏத்திராதீங்க. ராத்திரி வாசிக்கிறாளான்னு மட்டும் கேளுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்." அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்த நல்லவற்றையும் சொல்லத்தான் வேண்டும். 1982இல் சத்துணவு வந்தது. 1996இல் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஊரில் பிள்ளைகளை ஏற்றிப்போக அந்த பஸ் இப்போது வருவதில்லை. இதைவிடப் பெரிய மாற்றம் எதையும் என் ஆயுளில் நான் பார்க்கவில்லை.

போன முறை ஊரில் முதல் பருவம் முழுவதும், ஜூன் தொடங்கி காலாண்டு விடுமுறை வரை, அண்ணன் மகள் வீட்டில் தங்கும்படி ஆனது. அவள் மகள் அதே தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. காலையில் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. பசித்த வயிற்றோடு அகரம் எழுதியவர்களுக்கு அதன் அருமை தெரியும். புத்தகமும் பருவத்துக்கு ஒன்று. 2012-13இல் வந்த முப்பருவ முறையால் பை மெலிந்திருக்கிறது. பிரம்பு இல்லை. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்து, ஒரே வகுப்பில் அவரவருக்கு ஏற்ற பயிற்சி தருகிறார்கள். அரும்பு நிலைப் பிள்ளைகளோடு டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல் அட்டைகளைப் பரப்பிவைத்திருப்பதைப் பார்த்தேன். எங்கள் காலத்தில் பின்தங்கிய பிள்ளை சுவரோரம் உட்கார்ந்தே ஐந்தாவது வரை போய்விடும். இது எவ்வளவோ மேல்.

குறை வீட்டில் இருக்கிறது. அதை வேதனையோடுதான் சொல்கிறேன்.

அண்ணன் மகள் பன்னிரண்டாவது முடித்தவள். சாயங்காலம் ஆனால் போனை எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் டீச்சர் போட்டதைப் பார்க்கிறாள். நோட்டை விரித்து, பென்சிலால் மெல்லிசாக விடைகளை எழுதிக்கொடுக்கிறாள். குழந்தை அதன் மேலேயே அழுத்தி எழுதுகிறது. படம் பிடித்து குரூப்பில் போட்டதும் அன்றைய படிப்பு முடிந்தது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஒருநாள் நான் அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். பறவைப் படத்துக்குக் கீழே 'சிட்டு' என்று இருந்தது. "குருவி" என்றாள். படத்தை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, "இப்ப வாசி" என்றேன். என் விரலிடுக்கு வழியாகப் படத்தைத் தேடினாள், எழுத்தைப் பார்க்கவே இல்லை.

பள்ளிக்குப் போய்க் கேட்டேன். டீச்சருக்குத் தெரிந்திருந்தது. "மொட்டுலதான் இருக்காம்மா. படத்தை வெச்சு ஊகிக்கிறா. வீட்ல சத்தம் போட்டு வாசிக்கவிட்டா வந்துருவா" என்றார். வீட்டுக்கு அது போய்ச் சேரவில்லை. நோட்டு முழுக்க டிக் இருக்கும்போது எந்தத் தாய்க்குச் சந்தேகம் வரும்?

இது அக்கறையின்மையால் வந்ததாக நான் நினைக்கவில்லை. அக்கறையும் பயமும் சேர்ந்து செய்கிற வேலை. முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று வைத்தபோது, செய்து பார்த்துக் கற்கட்டும் என்பதுதான் நோக்கம். வீட்டுக்கு வந்துசேர்ந்தபோது அது பெரியவர்கள் உட்கார்ந்து சார்ட் ஒட்டுவதாக, ஸ்டேஷனரி கடையில் படம் வாங்குவதாக மாறிப்போனது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று உத்தரவிட்டது. நியாயமான உத்தரவு. ஆறு வயதுப் பிள்ளை ராத்திரி குனிந்து எழுத வேண்டியதில்லை. ஒரு பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டுவதை நான் சுமை என்று எண்ண மாட்டேன்.

படிக்காத பெற்றோர் நிலை இன்னும் மோசம். பக்கத்து வீட்டுக்காரி நூறு நாள் வேலைக்குப் போகிறவள். பிள்ளை படிப்பைப் பற்றிக் கேட்டால், "எனக்கு என்னத்தக்கா தெரியும், டியூஷனுக்கு அனுப்புறேன்" என்கிறாள். என் அம்மாவுக்கு அவள் அளவுகூடத் தெரியாது. ஆனால் அம்மாவிடம் ஒரு டீச்சர் வந்து, உன்னால் முடிந்தது இது என்று சொன்னார். இவளிடம் யாரும் சொல்லவில்லை.

சொன்னவர்கள் இல்லாமலும் இல்லை. பள்ளிகள் மூடிக்கிடந்த கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, எங்கள் தெருவில் தன்னார்வலராக வந்த பெண் பிள்ளையார் கோயில் திண்ணையில் சாயங்கால வகுப்பு எடுத்தாள். முடித்து அனுப்பும்போது, "வீட்ல யாருக்காவது இந்தக் கதைய வாசிச்சுக் காட்டிட்டு வா" என்பாளாம். தாத்தாக்கள் பாயை விரித்துக் கதை கேட்ட தெரு அது என்று அண்ணன் மகளே சொன்னாள்.

டீச்சரிடம் கேட்டுவந்த நாள் முதல் சாயங்காலங்களில் பேத்தியை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் வாசிப்பாள், நான் வெங்காயம் உரிப்பேன். தடுக்கினால் எழுத்துக் கூட்டச் சொல்வேன், விடையைச் சொல்ல மாட்டேன். முதலில் அழுதாள். பிறகு, "ஆச்சி, நீ கேக்குறியா?" என்று சோதித்துப் பார்த்தாள். பருவம் முடிவதற்குள் அவள் மலர் நிலைக்கு வந்துவிடவில்லை. படத்தைத் தேடுவதை விட்டுவிட்டாள். 'ஞ', 'ங' வரும் சொற்களில் இன்னும் நிற்கிறாள்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். மதிய உணவு, கழிப்பறை, காம்பவுண்டுச் சுவர் எல்லாம் கேளுங்கள். கூடவே, "என் பிள்ளை படம் பார்க்காமல் எந்தப் பக்கம் வரை வாசிக்கிறது?" என்றும் கேளுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இரவு எந்தப் பக்கத்தை வாசிக்கக் கேட்க வேண்டும் என்பதைக் குரூப்பில் எழுதுவதோடு விடாமல், போன் இல்லாத தாயிடமும் படிக்கத் தெரியாத தாயிடமும் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புங்கள். அவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள்.