அறுபதாயிரம் அடி உயரத்தில் ஒரு தாத்தா

ராக்கெட் கிளம்புவதைப் படம் எடுப்பது ரொம்பச் சுலபமான வேலை, முதல் ஒரு நிமிடத்துக்கு. ஆள் பெரியவர். வெளிச்சத்தையும் அவரே கொண்டுவருகிறார். எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். நாலு தடவை தள்ளிப்போடுவார், அது வேறு விஷயம். தொல்லையெல்லாம் அதற்கப்புறம்தான். மேகம் குறுக்கே வரும், ஃப்ளோரிடா கடற்கரையின் ஈரக்காற்று உருவத்தைக் கலக்கும், கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற கேமராவுக்குப் புகையும் நெருப்பும் மட்டும் மிஞ்சும்.

ஆகவே நாமே மேலே போய்விடலாம் என்று அமெரிக்கர்களுக்கு அந்தக் காலத்திலேயே தோன்றிவிட்டது. 1969 ஜூலை 16 அன்று அப்பல்லோ 11 கிளம்பியபோது, ஈசி-135என் என்ற விமானப்படை ஜெட் வானத்தில் காத்திருந்தது. மூக்கில் தேனீ கொட்டி வீங்கியது மாதிரி ஒரு குமிழ். கூடவே 70 மி.மீ. தொலைநோக்கிக் கேமரா. சாட்டர்ன் ராக்கெட் விண்ணில் சீறும் படங்களில் சில அந்தப் புண்ணியத்தில் கிடைத்தவை. மூன்று பேரும் பத்திரமாகத் திரும்பினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள்.

விண்ணோடங்களின் காலத்தில் பெரும்பாலும் தரைக் கேமராக்களை வைத்தே பிழைப்பு ஓடியது. அது எப்படி ஓடியது என்பது 2003 ஜனவரி 16 அன்று தெரிந்தது. கொலம்பியா கிளம்பி 82 விநாடி ஆனபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து முக்கால் கிலோ எடையில் ஒரு ஃபோம் துண்டு பிய்ந்து, மணிக்கு 800 கி.மீ.க்கு அதிகமான வேகத்தில் இடது இறக்கையில் மோதியது. நன்றாகப் பார்க்க வேண்டிய இடத்தில் இருந்த ஒரு கேமராவில் ஃபோகஸ் சரியில்லை. மற்றவற்றில் ஏதோ வெள்ளையாகச் சிதறியது தெரிந்தது. எங்கே பட்டது, என்ன ஆயிற்று என்பது தெரியவில்லை. உளவு செயற்கைக்கோளை வைத்து ஒரு படம் எடுத்துத் தரக்கூடாதா என்று பொறியாளர்கள் கேட்டார்கள். மேலிடம் தேவையில்லை என்றது. ஃபோம்தானே, பஞ்சு மாதிரிதானே! பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் திரும்பி வரவில்லை. அந்த ஜூலையில், அதே எடையுள்ள ஃபோமை அதே மாதிரி இறக்கைப் பலகை மீது சுட்டுப் பார்த்தார்கள். பஞ்சு 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை போட்டது.

விசாரணைக் குழு உருப்படியாக ஒன்று சொன்னது: பூஸ்டர்கள் கழன்று விழும்வரை குறைந்தது மூன்று கோணங்களிலாவது உருப்படியான படம் வேண்டும், கப்பல், விமானம் எதையாவது பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். கொலம்பியா அடிபட்டது ஏறக்குறைய 66,000 அடி உயரத்தில். அந்த உயரத்துக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்க்க ஆள் யார் இருக்கிறார் என்று நாசா தன் வீட்டுக்குள்ளேயே தேடியபோது, ஹூஸ்டனில் எல்லிங்டன் விமானத்தளத்தில் தாத்தா உட்கார்ந்திருந்தார்.

தாத்தாவின் பெயர் டபிள்யூபி-57எஃப். பூர்வீகம் இங்கிலாந்து. 1949 மே மாதம் முதலில் பறந்த கான்பரா குண்டுவீச்சு விமானத்தின் வம்சம். கொரியப் போர் நேரத்தில் அமெரிக்கர்கள் தங்களிடம் சரக்கு இல்லாமல், கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஆங்கிலேயரிடம் உரிமம் வாங்கிச் செய்துகொண்டார்கள். (நம் விமானப்படையும் அதே குடும்பத்திலிருந்து பெண் எடுத்தது, 2007 வரை கான்பராவை வைத்துக் குடும்பம் நடத்தியது.) பிறகு இறக்கையை இழுத்தார்கள், இழுத்தார்கள், 37 மீட்டர் வரை இழுத்தார்கள். உடம்பு 21 மீட்டர்தான். பெயரின் முதல் எழுத்து வானிலையைக் குறிக்கும். ஆனால் தாத்தா பனிப்போர்க் காலத்தில் மோப்பம் பிடித்தது மழையை அல்ல. அணுகுண்டு வெடித்தவர்களின் கதிரியக்கத் தூசியை. அதையும் வானிலை ஆராய்ச்சி என்று சொல்ல அரசாங்கத்தால்தான் முடியும்.

இவருடைய மூக்கில் சுழலும் பந்து ஒன்றை மாட்டினார்கள். உள்ளே 11 அங்குலத் தொலைநோக்கி, ஒரு எச்டி கேமரா, ஒரு அகச்சிவப்புக் கேமரா. முன் இருக்கையில் விமானி. பின் இருக்கையில் ஒருவர் விண்வெளி வீரர் மாதிரி அழுத்த உடையும் தடித்த கையுறையும் மாட்டிக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கால் ராக்கெட்டைத் துரத்த வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் அவ்வளவு குறைவு. உடை இல்லாமல் வெளிக்காற்று பட்டால் ஆள் காலி. வீட்டில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

2005 ஜூலை 26, டிஸ்கவரி. இரண்டு தாத்தாக்கள் மேலே, கீழே நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்கள். மனிதன் இவ்வளவு கவனமாக எதையும் பார்த்ததில்லை என்ற அளவுக்கு ஏற்பாடு. கிளம்பியவுடன் தெரிந்தது என்ன? பிணந்தின்னிக் கழுகு ஒன்று எரிபொருள் தொட்டியில் மோதிச் செத்தது. அப்புறம் ஃபோம் மறுபடியும் பிய்ந்தது. அதை நன்றாகக் காட்டிக்கொடுத்தது தொட்டியிலேயே ஒட்டியிருந்த கேமரா. விண்ணோடங்கள் மறுபடி ஓராண்டு கூடாரத்துக்குள். இந்த இடைவெளியில் நாசா, ஏவுதள வட்டாரச் சாலைகளில் அடிபட்டுச் செத்த பிராணிகளை உடனுக்குடன் அப்புறப்படுத்த ஆட்களை ஏற்பாடு செய்தது. கழுகுக்குச் சாப்பாடு இல்லாவிட்டால் ராக்கெட்டுப் பக்கம் வராது அல்லவா? விண்வெளி ஆராய்ச்சி இப்படியெல்லாம் போகும்.

2011 ஜூலையில் விண்ணோடங்கள் ஓய்வு பெற்றன. தாத்தா பெறவில்லை. அதே ஆண்டு அரிசோனா பாலைவனத்தின் விமானக் கிடங்கில் 1972 முதல் வெயில் காய்ந்துகொண்டிருந்த இன்னொரு டபிள்யூபி-57ஐயும் நாசா எழுப்பிக் கூட்டிவந்தது. தட்டிக்கொட்டி, 2013இல் அதுவும் பறந்துவிட்டது.

அடுத்த ஆண்டே வேறு மாதிரி வேலை. 2014 செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 மேலே போனது. அதன் கீழ்ப்பாகம் வால் முன்னே வரத் திரும்பி, ஒலியை மிஞ்சும் வேகத்தில் எதிர்க்காற்றுக்குள் எஞ்சினைப் பற்றவைத்துக்கொண்டு இறங்கியது. செவ்வாயின் மெலிந்த காற்றில் கனமான கலத்தை இறக்க இதே வித்தைதான் வேண்டும் என்று நாசா கணக்குப் போட்டிருந்தது. செய்து பார்க்கத்தான் காசில்லை. ஸ்பேஸ்எக்ஸ் தன் செலவில் செய்தது. டபிள்யூபி-57 ஒருபக்கமும், கடற்படையின் ஒரு ஓரியன் விமானம் இன்னொருபக்கமும் நின்று அகச்சிவப்பில் படம் பிடித்தன. செவ்வாயில் இறங்கும் பாடம் நாசாவுக்கு விமான எரிபொருள் செலவோடு முடிந்தது.