தறிக்குழியும் பள்ளிக்கூடமும்

கேள்வி: கல்வியை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தால் அதன் மதிப்புக் குறைந்துவிடாதா? (நெசவாளர் ஒருவர், ஆரணி)

பதில்: கட்டணமின்றிப் பாய்வதால் தங்கள் ஊர்க் கமண்டல நாகநதிக்கு மதிப்புக் குறைந்துவிட்டதா, ஐயா?

தகப்பனார் குழித்தறியில் அமர்ந்து ஜரிகைக் கரையை நெய்ய, தாயார் தெருவில் நீட்டிய பாவைச் சீர்செய்ய, ஊடைக்குத் தார் சுற்றுவதற்குப் பத்து வயதுப் பையனே வேண்டியிருந்த வீட்டில், அவன் பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு தினமும் குடும்பத்துக்கு நஷ்டமாகையால், பள்ளிச் சம்பளத்தைத் தள்ளுபடி செய்வது தர்மத்தில் பாதிதான். மற்றப் பாதியை உணர்ந்தவர் காமராஜர். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று 1953இல் ராஜாஜி வகுத்த திட்டம் நெசவாளியின் பிள்ளையைத் தறிக்கே திருப்பிவிடும் என்று கிளர்ச்சி எழுந்தது; அந்தக் கிளர்ச்சி நியாயமானதே. 1954இல் முதலமைச்சரான காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டதோடு நில்லாமல், பின்னர் பள்ளியிலேயே மதிய உணவும் போடச் செய்தார். பசித்த வயிற்றுக்குச் சோறு கிடைத்த இடத்தில் அட்சரமும் கிடைத்தது.

ஆனால் நமது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையில்தான் துணை நிற்கிறது. இலங்கையிலோ, அந்நாட்டுக் கல்வி மந்திரி கன்னங்கராவின் பிரயாசையால், 1945லேயே பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. தறியை அடகு வைத்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நிர்ப்பந்தம் எந்தத் தகப்பனாருக்கும் நேரலாகாது. அதற்காக இன்னும் கொஞ்சம் வரி கேட்டாலும் மனப்பூர்வமாகச் செலுத்துவேன்.