இட்லி சப்ளையரின் விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ கணக்குப் பிரிவு திவ்ய சமூகத்துக்கு,

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்திலிருந்து, தங்கள் வார இதழின் வெண்டர் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

நேற்று முன்தினம் காலை பத்தே காலுக்குத் தங்கள் மின்னஞ்சல் வந்தது. 14 மாதங்களில் தாங்களாக எனக்கு எழுதிய முதல் கடிதம் என்பதால், கையைக் கழுவிக்கொண்டுதான் திறந்தேன். தாங்கள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: எனது உணவுப் பாதுகாப்பு உரிம எண். 14 இலக்கங்கள். அது இல்லாமல் என் பில்லைப் பாஸ் செய்ய வழியில்லையாம்.

மூன்றாம் முறை படித்தபோதுதான் விளங்கியது. சென்ற ஆண்டு தங்கள் இதழில் நான் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'தாராவி இட்லி'. தங்கள் படிவத்தில் 'பொருள்' என்ற கட்டத்தில் அதைத்தான் நிரப்பினேன். 'அளவு' என்ற கட்டத்தில் 1,800 என்று போட்டேன். 'சொற்கள்' என்றும் சேர்த்துத்தான் தட்டினேன். அந்தக் கட்டம் எண்ணைத் தவிர எதையும் ஏற்க மறுத்தது. ஆக, தங்கள் கணினியைப் பொறுத்தவரை, தாராவியிலிருந்து ஒருவன் சென்னைக்கு 1,800 இட்லி அனுப்பிவிட்டு, 750 ரூபாய்க்காக 14 மாதமாகக் காத்துக் கிடக்கிறான்.

தங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லையே! 1,800 இட்லி 750 ரூபாய் என்றால், ஒன்று 42 காசுகூடத் தேறாது. அந்தக் காசுக்கு மும்பையில் இட்லிச் சட்டி ஆவியைக்கூட மோந்து பார்க்க முடியாது. இந்த விலைக்குச் சரக்குப் போடுகிறவன் இட்லிக்காரனாக இருக்க வாய்ப்பில்லை, எழுத்தாளனாகத்தான் இருப்பான் என்று தங்கள் பிரிவில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

தங்கள் நுணுக்கம் அதோடு நிற்கவில்லை. என் 1,800 சொற்களில் ஆசிரியர் குழு 450-ஐ வெட்டிவிட்டு 1,350-ஐ அச்சிட்டது. தாங்கள் அதைச் 'சப்ளை குறைவு' என்று குறித்து, தொகையை 562 ரூபாய் 50 காசாகத் திருத்தியிருக்கிறீர்கள். வெட்டியது தங்கள் மாடியில் இருப்பவர்கள், குறைந்தது என் கூலி. அந்த 450 இட்லியை அவர்கள் தின்றுவிட்டார்கள் என்று புகார் கொடுக்கவும் மனம் வரவில்லை. நல்ல மனிதர்கள். எப்போது கூப்பிட்டாலும், "அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பியாச்சு சார்" என்று அலுக்காமல் சொல்கிறவர்கள்.

இதற்கு முன் தாங்கள் கேட்ட எதையும் நான் தராமல் இருந்ததில்லை. பான் கார்டு நகல் கேட்டீர்கள், தந்தேன். ரத்து செய்த காசோலை கேட்டீர்கள், என்னிடம் ஏராளமாக உண்டு. ரத்து செய்யாத காசோலைக்குத்தான் என் கணக்கில் வேலையில்லை. ரத்து செய்ததில் வங்கி மேலாளர் கையெழுத்து வேண்டும் என்றீர்கள். மாட்டுங்காவுக்கு இரண்டு நாள் நடந்தேன். "எவ்வளவு வரவேண்டியிருக்கிறது?" என்று மேலாளர் இந்தியில் கேட்டார். சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் செலவில் எனக்கு ஒரு டீயும் சொன்னார். பிறகு, என் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டவில்லை, ஆகவே எனக்கு ஜிஎஸ்டி எண் இல்லை என்று முத்திரைத் தாளில் உறுதிமொழி கேட்டீர்கள். மகாராஷ்டிரத்தில் 2024 அக்டோபருக்குப் பிறகு 100 ரூபாய்த் தாள் போய் 500 ரூபாய்த் தாள் வந்துவிட்டது. நோட்டரிக்கு 100. எனக்கு 20 லட்சம் வரவில்லை என்பதை நிரூபிக்க 600 ரூபாய் ஆனது. வந்திருந்தால் இலவசமாகவே தெரிந்திருக்கும்.

எங்கள் சந்தில் ஒரு இட்லி அண்ணாச்சி இருக்கிறார். தங்கள் இதழில் படத்தோடு வந்தவர் அவர்தான். இரவு இரண்டரைக்கு எழுந்திருப்பார். ஐந்தரைக்கு சைக்கிளில் அலுமினிய அண்டாவைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனைப் பொம் பொம் என்று அமுக்கியபடி சயான் பக்கம் கிளம்புவார். பத்து மணிக்குத் திரும்பும்போது அண்டா காலி, மடி கனம். இத்தனை வருடத்தில் யாரும் அவர் இட்லியைத் தின்றுவிட்டு, காசுக்குப் பதில் பொன்னாடை போர்த்தி அனுப்பியதில்லை. எனக்கு நான்கு பொன்னாடைகள் உண்டு. துவைத்தால் சாயம் போகும். தலையணைக்கு உறையாக்கினால் கன்னத்தில் ஜரிகை குத்தும்.

அண்ணாச்சியிடம் இட்லி 5 ரூபாய். தங்கள் 750 ரூபாய்க்கு 150 இட்லி. ஆக, எனக்கு ஒரு இட்லி 12 சொற்கள். இந்தக் கணக்கைப் போட்டதிலிருந்து எனக்கு வேறு கணக்கே வருவதில்லை. ஒரு நீண்ட வாக்கியத்தை எழுதி முடித்தால் இரண்டு இட்லி ஆயிற்று என்று கை நிற்கிறது. அடைமொழியை அடித்தால் சட்னி குறைகிறது.

செம்பூரில் தெரிந்த ஆடிட்டர் மாமா ஒருவர் இருக்கிறார். செட்டா நகர் முருகனைப் பார்த்துவிட்டு இறங்கிய கையோடு அவரிடம் போனேன். குறுந்தொழில் பற்றி 2006-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறதாம். பதிவு செய்துகொண்டால் எழுதுகிறவனும் ஒரு குறு நிறுவனம்தானாம். வாங்கியவர், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. "எவ்வளவு அசல்?" என்று கேட்டார். மறுபடியும் சொன்னேன். மாமா கால்குலேட்டரை உறையில் போட்டுவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போயேன்" என்றார். மாமி கொண்டுவந்து வைத்தது என்ன பலகாரம் என்பதைத் தங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

தங்கள் கடிதம் வந்த அதே நாள் மாலை, தங்கள் அலுவலகத்தின் இன்னொரு மாடியிலிருந்தும் எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'சுதந்திர எழுத்தாளராக வெற்றி பெறுவது எப்படி?' என்று இரண்டு நாள் பயிலரங்கம் நடத்துகிறீர்களாம். கட்டணம் 2,999 ரூபாய். அதில் வெற்றி பெற்றவன் என்ற முறையில் நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். ஊதியம் கிடையாது, மதிய உணவு உண்டு. அவர்களும் என்னை உணவால்தான் அளக்கிறார்கள்; இரண்டு மாடிக்கும் இவ்வளவு ஒற்றுமையா என்று பூரித்துப்போனேன்.

பேச்சுக்குக் குறிப்பெல்லாம் எடுத்துவிட்டேன். முதல் பாடம், வேறு வேலை வைத்துக்கொள்வது. நாஞ்சில் நாடன் இந்த ஊரில் விற்பனைப் பிரதிநிதியாக ரயிலில் அலைந்துகொண்டே எழுதியவர். 1977-இல் வந்த 'தலைகீழ் விகிதங்கள்' பம்பாய்க் காலத்து நாவல்தான். சம்பளம் கம்பெனியிலிருந்து, இலக்கியம் நமக்கு. இரண்டாம் பாடம், வேலையை விடுவது: அசோகமித்திரன் 1966-இல் ஜெமினி ஸ்டுடியோவை விட்டார். அதற்கப்புறம் அரை நூற்றாண்டு எழுதினார். அந்த அரை நூற்றாண்டின் வரவு செலவைப் பங்கேற்பாளர்கள் கேட்டால் தேநீர் இடைவேளை விட்டுவிடுவேன். மூன்றாவது, சினிமாவுக்குப் போவது. புதுமைப்பித்தன் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுத, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற புனேவுக்குத்தான் வந்தார். காசநோயோடு திரும்பினார். 1948-இல் முடிந்துபோனார், வயது 42. இதைச் சொல்லும்போது ஸ்லைடு எதுவும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்தவர் சி.சு. செல்லப்பா. 1959-இல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கியவர், புத்தகக் கட்டைத் தானே தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அண்ணாச்சிக்கு அண்டா, அவருக்குப் புத்தக மூட்டை. வித்தியாசம், அண்ணாச்சி திரும்பும்போது அண்டா காலியாக இருக்கும்.

இருங்கள். கொஞ்சம் இட்லியை இறக்கி வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

அந்தக் கட்டுரைக்காக எட்டு இரவு தூங்கவில்லை. இரண்டரை மணிக்கு அந்த அடுப்படிகளில் போய் உட்கார்ந்தேன். ஆவியில் நோட்டு நனைந்து எழுதியது கரைந்துபோய், மறுநாள் அதே கேள்விகளை மறுபடியும் கேட்டேன். நீங்கள் காகிதம் போட்டவருக்குக் கொடுத்தீர்கள். அச்சடித்தவருக்குக் கொடுத்தீர்கள். பண்டல் ஏற்றிய வண்டிக்குக் கொடுத்தீர்கள். அந்தக் காகிதத்தில் எதை அச்சடித்தீர்களோ அதை எழுதியவனிடம் மட்டும் 14 மாதம் கழித்து உரிம எண் கேட்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு முன் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்காக அண்ணாச்சியிடம் 300 ரூபாய் கைமாற்று வாங்கினேன். யாரைப் பற்றி எழுதினேனோ அவரிடமே. அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கட்டுரை வந்ததும் எனக்கு எவ்வளவு கிடைத்தது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்று பயந்து, அவர் ஹாரன் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டது நான்தான். உங்களுக்கு வெட்கம் இல்லாததால் அந்தப் பங்கையும் நானே சுமக்க வேண்டியிருக்கிறது.

மன்னிக்க வேண்டும் சமூகம். கையில் ஆவி அடித்துவிட்டது.

தாங்கள் எனக்கு வெண்டர் எண் ஒதுக்கியதற்கு நன்றி சொல்ல மறந்தேனே. 2024 மார்ச்சில் தாராவியில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் எழுதிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இப்போது இரண்டு எண். இரண்டுக்கும் எப்போது, எங்கே, எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது.

நேற்று இரவு கதவைத் திறந்துகொண்டு நானே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். தங்கள் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. என் கட்டுரைப் பக்கத்தை அவர் லேமினேஷன் செய்து அடுப்புக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார். அந்தக் கட்டுரையால் இதுவரை உடனடியாகக் காசு பார்த்தவர் லேமினேஷன் கடைக்காரர் ஒருவர்தான். அதே ஆணியில், அதற்குப் பின்னால், அவருடைய உணவுப் பாதுகாப்பு உரிமமும் தொங்கியது. கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இந்த நம்பரப் போட்டு வாங்கிக்கிடுங்க தம்பி. இட்லின்னுதான கேக்கான்? நம்ம இட்லிதான அது."

ஆகவே அந்த உரிமத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் உள்ள பெயரும் என் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டாம். பணத்தை அவர் கணக்கிலேயே போட்டுவிடுங்கள். 562 ரூபாய் 50 காசில், கைமாற்று 300 போகும். 14 மாதத்தில் கடன் சொல்லி வாங்கிய 52 இட்லிக்கு 260 போகும். மிச்சம் இரண்டரை ரூபாய், அதாவது அரை இட்லி. அதைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உணவுப் பொருள் சப்ளையர்,
தாராவி, மும்பை