காலுறையும் 'நான்' என்பதும்

கேள்வி: 'என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?' என்று மார்தட்டுகிறவர்களுக்கு நிஜமாகவே தெரியுமா?

பதில்: விடை காலுறையில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் 1977-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, 'எது தரம்?' என்று கேட்டார்கள். வலது கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேர் காட்டினார்கள். இடது கோடிக்குக் கிடைத்தது 12 சதவீதம்தான். காரணம் கேட்டால் பின்னல், நேர்த்தி, இழுவை என்று ஆளுக்கொரு விளக்கம்.

நான்கும் அச்சு அசல் ஒன்றே!

வைத்திருந்த இடம்தான் காரணமோ என்று மெல்லக் கேட்டதற்கு, ஏறக்குறைய எல்லோரும் 'சேச்சே' என்று மறுத்தார்கள். கேட்டவருக்குத்தான் ஏதோ கோளாறு என்பதுபோல் ஒரு பார்வை வேறு. (முகூர்த்தப் புடவை எடுக்கப் போனவர்கள் இதைப் படித்து மனம் நோக வேண்டாம்.)

காரணம் தெரியாதபோதும் மனசு கைவசம் ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை; தன் சொல்லை அவரே நம்புகிறார். சிக்கலே அங்கேதான்.

தன்னைத் தெரியும் என்று மார்தட்டாமல் கேட்டுப் பார்த்தவரும் உண்டு. 1902-ல் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர், ரமண மகரிஷியிடம் நேராகவே 'நான் யார்?' என்று கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை, எழுதிக் காட்டினார். பின்னால் அது சிறு நூலாக வந்தது. அதுவும் கேள்வி-பதில்தான்.