எண்பதா, நூறா, நூற்றிருபதா? – அமைச்சகத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்:
ஒரு லோடு வண்டியும் தவணை முடியாத ஒரு காரும் ஓட்டுகிறவன்,
கடத்தூர், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: வாகன வேகம் – உச்ச வரம்பு – எவ்வளவு என்று தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அறிவிக்கை, நாள் 06.04.2018.
2. அதை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2021.
3. அதே ஆண்டு துறை அமைச்சர் தெரிவித்த விருப்பம்.
4. என் கார் டாஷ்போர்டிலிருந்து வரும் சத்தம்.

ஐயா,

கடத்தூர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிச் சிரமப்பட வேண்டாம். பொம்மிடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஊர். வெற்றிலைச் சந்தை உள்ள பேரூராட்சி. இங்கிருந்து தருமபுரி போய் தங்களது 44-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் வடக்கே ஓசூர், பெங்களூரு. தெற்கே தொப்பூர், சேலம். பிழைப்பு வடக்கே, கல்யாணம் காதுகுத்து எல்லாம் தெற்கே என்று இருப்பதால் அந்தச் சாலையை நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே தேய்க்கிறோம். தேய்க்கிறவன் என்ற உரிமையில்தான் இந்த மனு.

பார்வை 1-இல் கண்ட அறிவிக்கையை உட்கார்ந்து படித்தேன். அருமையான அட்டவணை. சாலைகள் நான்கு வகை, ஒவ்வொரு வகை வண்டிக்கும் ஓர் எண். காருக்கு, கண்ட இடத்தில் ஏறி இறங்க முடியாத விரைவுச் சாலையில் 120. நடுவில் தடுப்பு வைத்த நான்கு வழி, அதற்கு மேற்பட்ட சாலையில் 100. நகராட்சி எல்லைக்குள் 70. மற்றச் சாலைகளில் 70. எங்கள் ஊர் நகரமா கிராமமா என்பதில் எங்களுக்கே வெகுநாளாகக் குழப்பம் உண்டு. தாங்கள் அந்த வம்புக்கே போகாமல், எதுவானாலும் 70 என்று முடித்துவிட்டீர்கள். நன்றி. சந்தை நாளில், வெற்றிலைக் கட்டுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் கரும்பு டிராக்டருக்கும் நடுவே எங்கள் கடைவீதியில் 70-இல் ஓட்டிக் காட்டத் தங்கள் அலுவலகத்திலிருந்து யாரையாவது அனுப்பிவையுங்கள். மாலையோடு காத்திருக்கிறோம். எந்தச் சமயத்துக்கான மாலை என்பது அவர் ஓட்டுவதைப் பொறுத்தது.

உள்ளூரில் வேகத்தை நிர்ணயிப்பது அறிவிக்கை அல்ல, ராத்திரியோடு ராத்திரியாக ஊரார் போட்ட வேகத்தடைதான். அதற்கு அரசிதழ் வேண்டாம். ஏறி இறங்குகிறவனின் முதுகெலும்பு போதும். ஆகவே உள்ளூர் விவகாரத்தால் தங்களுக்குத் தொந்தரவு இல்லை. என் சிக்கல் நெடுஞ்சாலையில்தான்.

தருமபுரி தாண்டி நான்கு வழியில் காரை விடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் 80-ஐத் தாண்டியதும் வண்டி 'டிங்' என்கிறது. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார் எல்லாவற்றுக்கும் இந்தச் சத்தம் தங்கள் உத்தரவுப்படியே வந்தது. விசாரித்தால், 80 குற்றமில்லை, சும்மா எச்சரிக்கை என்கிறார்கள். 100 வரை போக அதே அமைச்சகம்தான் அனுமதிக்கிறது. போ என்று கதவைத் திறந்துவிட்டு, போனதும் கனைக்கிற மாமனார் வீடு இது. 120-ஐத் தாண்டினால் சத்தம் நிற்பதே இல்லை. 130-ஐத் தாண்டினால், அதுவும் ஓசூர் எல்லையிலுள்ள ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கமாக இருந்தால், 2024 ஆகஸ்ட் முதல் கர்நாடக போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடுகிறது. 140-இல் தங்கள் அமைச்சரின் ஆசை இருக்கிறது; விரைவுச் சாலைகளில் அவ்வளவு போகலாம் என்று 2021-இல் அவரே சொன்னார். அதற்குமேல் 220 வரை எண்களை அச்சடித்து வைத்திருப்பது கார் கம்பெனி. ஒரே முள், ஒரே வட்டம். அதற்குள் எச்சரிக்கை, அனுமதி, அபராதம், வழக்கு, அமைச்சர், விளம்பரம் எல்லாம் வரிசையாகக் குடியிருக்கின்றன. ஓட்டுகிறவனுக்குத்தான் இடமில்லை.

நடுவில் நீதிமன்றம் இருப்பதை மறந்துவிடவில்லை. வேகத்தைக் கூட்டினால் சாவுதான் கூடும் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு 2021-இல் தங்கள் 2018 அறிவிக்கையை ரத்து செய்தது. குறைத்து, புதிதாக வெளியிடச் சொன்னது. அமைச்சரின் 140 வெளிவந்தது அதே ஆண்டில்தான். நீதிமன்றம் இறங்கச் சொல்கிறது, அமைச்சர் ஏறச் சொல்கிறார், கார் 80-லேயே கனைத்துக்கொண்டிருக்கிறது. இந்த மூவரில் யார் பேச்சைக் கேட்பது என்று ஒரு வரி எழுதினால் புண்ணியமாகப் போகும்.

அந்தக் கர்நாடக எஃப்.ஐ.ஆர். போக, இத்தனையும் ஒரே மாநிலத்துக்குள். எல்லை தாண்டினால் கதை வேறு.

கேரளத்தில் 2023 ஜூலை 1 முதல் புது எண்கள். கார் ஆறு வழி தேசிய நெடுஞ்சாலையில் 110, நான்கு வழியில் 100 போகலாம். தங்கள் அட்டவணையில் ஆறு வழிக்கென்று தனி வரியே கிடையாது. நான்கும் அதற்கு மேலும் ஒரே கணக்கு, 100. அந்த உபரி 10 எங்கிருந்து வந்தது என்று தாங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதே நாளில் பைக்கை மட்டும் 70-லிருந்து 60-க்கு இறக்கினார்கள். ஆக, தங்கள் கணக்கில் கோவைப் பக்கம் நான்கு வழியில் 80 போகிற பைக்காரப் பையன், எல்லையிலுள்ள வாளையார் வந்ததும் 20-ஐக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். கழற்றி வைத்தானா என்று பார்க்க அங்கே கேமரா தயாராக இருக்கிறது. கேரளம் 2023 ஜூனிலேயே கேமரா வைத்துச் சாலை விதிமீறல்களைப் பிடிக்கும் வேலையைத் தொடங்கிவிட்டது.

கர்நாடகத்தில் பெங்களூரு–மைசூரு சாலையில் காருக்கு 100. பைக்குக்கும் ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் 2023 ஆகஸ்ட் முதல் பிரதானப் பாதையில் நுழையவே அனுமதியில்லை. நாட்டிலேயே குழப்பமில்லாத வேக வரம்பு அதுதான்: சுழியம். ஐதராபாத் வெளிவட்டச் சாலையில் 120 இருந்தது, 100 ஆனது, 2023-இல் மறுபடி 120 ஆனது. தார் அதேதான், வளைவு அதேதான். உத்தரப் பிரதேசத்து யமுனா விரைவுச் சாலையில் பனிமூட்டக் காலம் வந்தால் காரின் 100-ஐக் குறைத்துவிடுகிறார்கள். பனி விலகியதும் பழையபடி. மும்பை–புனே விரைவுச் சாலையில் சமவெளியில் கார் 100 போகலாம், மலைப்பாதையில் 60-தான்.

எண்கள் வேறுபடுவதே தப்பு என்று புகார் சொல்லவில்லை ஐயா. பனியில் குறைப்பது புத்திசாலித்தனம். மலையில் குறைப்பது உயிர்ப் பிச்சை. பிரான்சில்கூட மோட்டார் சாலையில் வெயிலடித்தால் 130, மழை பெய்தால் 110. அங்கே காரணம் கண்ணாடியில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. என் குறை, எண் எப்போது மாறியது, யார் மாற்றினார்கள், எதற்காக என்பது ஓட்டுகிறவனுக்கு மட்டும் கடைசியில் தெரிகிறது என்பதுதான். அதுவும் போனில் குறுஞ்செய்தியாக, தொகையோடு.

அதுவரை எங்களுக்குச் செய்தி தருவது யார் தெரியுமா? எதிரே வருகிற லாரி. இரண்டு முறை ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் முன்னால் போலீஸ் வண்டியோ கேமராவோ நிற்கிறது என்று பொருள். எந்த மாநில வண்டியானாலும் இந்த பாஷை புரியும். டோல்கேட் ஓரம் டீக்கடையில் நின்றால் மீதி விவரம் கிடைக்கும்: "அண்ணா, கிருஷ்ணகிரிக்கு முன்னாடி பாத்துப் போங்க, பாலத்துக்கிட்ட வச்சிருக்கான்." வரம்பு எவ்வளவு என்று கேட்டால் அந்த அண்ணனுக்கும் தெரியாது. எங்கே பிடிப்பார்கள் என்பது மட்டும் தெரியும். தங்கள் அமைச்சகமும் மாநிலங்களும் சேர்ந்து இத்தனை ஆண்டில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்: கேமராவுக்கு முந்நூறு அடி முன்னால் பிரேக், தாண்டியதும் ஆக்சிலேட்டர்.

லாரிக்காரர்கள் படும் பாடு தனி. தங்கள் அட்டவணையில் நான்கு வழியில் சரக்கு வண்டிக்கு 80. 2015 அக்டோபருக்குப் பிறகு தயாரான லாரிகளில் 80-ஐத் தாண்ட முடியாதபடி ஸ்பீடு கவர்னர் வைக்கச் சொன்னீர்கள். டேங்கருக்கும் டிப்பருக்கும் பள்ளி வண்டிக்கும் 60. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே பாதையில் 60-இல் டேங்கர், 80-இல் லாரி, 100-இல் கார், இடது ஓரத்தில் எதிர்த்திசையில் வருகிற டி.வி.எஸ். எக்செல் என்று நான்கு சட்டம் நான்கு வேகத்தில் ஓடுகிறது. ஒரு லாரி இன்னொரு லாரியை முந்த ஒரு கிலோமீட்டர் எடுத்துக்கொள்ளும்போது, பின்னால் நிற்கிற காருக்கு 100 என்பது அரசு கொடுத்த மனை போல: பட்டா இருக்கும், நிலம் இருக்காது.

இனி தொப்பூர். இதை மட்டும் கிண்டலில்லாமல் சொல்கிறேன்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் சாலை கீழே இறங்கி இறங்கி வளைகிறது. கட்டமேடு, இரட்டைப் பாலம் என்று எங்கள் ஊர்க்காரர்கள் பெயர் சொன்னாலே பேச்சு கொஞ்சம் அடங்கும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு இறக்குகிற லாரி, பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் போகிறவற்றை எல்லாம் வாரிக்கொண்டு போகும். 2020 டிசம்பரில் ஒரு சிமென்ட் லாரி வரிசையாகக் கார்களை நசுக்கியது. 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் லாரிகளும் கார்களும் மோதி, ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்து, கார் தீப்பிடித்து, நான்கு பேர் போனார்கள். அங்கே கனரக வண்டிகள் 30-இல் இறங்க வேண்டும் என்று வைத்தார்கள். அந்த 30-ஐப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அது எதற்கு என்று அந்தச் சரிவே சொல்கிறது. நெளிந்து கிடக்கும் தடுப்புச் சுவர் சொல்கிறது. லைட் அடித்துக் காட்டுகிற லாரிக்காரர்கூட அங்கே 'கியர்ல இறக்கு தம்பி' என்றுதான் கிளீனர் பையனுக்கு வித்தை சொல்லிக்கொடுக்கிறார்.

ஆனால் தொப்பூரிலும் தங்களுக்கு ஒரு கேள்வி உண்டு. சாலையின் வளைவும் சரிவும்தான் கொல்கின்றன என்பது நான்கு வழி போட்ட நாளிலிருந்து எல்லோருக்கும் தெரியும். அதற்கு மாற்றாக 6.6 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு ஒப்புதல் வந்தது வெகு காலம் கழித்துத்தான். இடையில் போன வருஷங்களெல்லாம் போர்டிலேயே போயின. சாலையைத் திருத்தப் பணமில்லாத காலத்தில் எண்ணைத் திருத்தினார்கள். வேக வரம்பின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. சாலை போட்டவன் செய்த தப்பையும் ஓட்டுகிறவனின் வலது காலிலேயே கட்டிவிடலாம். செலவு ஒரு தகரம், இரண்டு இரும்புக் குழாய்.

இவ்வளவும் எழுதிவிட்டு, இதற்கெல்லாம் என்ன சட்டம் என்று பார்த்தேன். 1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 112. உச்ச வேகத்தை மத்திய அரசு நிர்ணயிக்கலாம். அதைவிடக் குறைக்க வேண்டுமென்றால், பொது மக்களின் பாதுகாப்புக்காகவோ சாலை அல்லது பாலத்தின் தன்மை காரணமாகவோ அவசியம் என்று மாநில அரசு கருத வேண்டும்; அரசிதழில் வெளியிட வேண்டும்; அந்த இடத்தில் உரிய குறியீட்டுப் பலகை வைக்க வேண்டும். காரணம், அறிவிப்பு, பலகை. மூன்றும் சட்டத்திலேயே இருக்கின்றன. நடைமுறையில் முதலாவதைக் கோப்பிலும், இரண்டாவதை அரசிதழிலும் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது பல இடங்களில் வேப்பங்கிளைக்குப் பின்னாலோ, பிறந்தநாள் பிளெக்ஸுக்குப் பின்னாலோ தவம் இருக்கிறது. நாலாவதாகச் சட்டத்தில் 183-ஆம் பிரிவு ஒன்று உண்டு. காருக்கு 1,000 ரூபாயில் தொடங்கும் அபராதம். அது மட்டும் ஒரு கிளைக்கும் பின்னால் ஒளிந்ததில்லை.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்:

அ) வேகப் பலகை ஒவ்வொன்றிலும் எண்ணுக்குக் கீழே, யார் வைத்தது, எந்த ஆண்டு, எதற்காக என்று மூன்று சொல் எழுத வேண்டும். 'பள்ளி', 'வளைவு', 'பனி' என்று இருந்தால் போதும். எழுதக் காரணம் கிடைக்காத பலகையைக் கழற்றிவிடலாம்.

ஆ) ஜூஜூவாடி, வாளையார் போன்ற எல்லைகளில், 'நல்வரவு' வளைவில் தலைவர்கள் படம் போக மிஞ்சும் இடத்தில், அந்த மாநிலத்தில் கார், பைக், லாரிக்கு எத்தனை என்று எழுதிப்போட வேண்டும்.

இ) அபராதச் சீட்டில் என் வண்டியின் படத்தோடு, நான் கடைசியாகத் தாண்டி வந்த வேகப் பலகையின் படமும் இருக்க வேண்டும். அந்தப் படம் இல்லாவிட்டால் அபராதமும் இல்லை.

ஈ) ஒரு சாலையில் பலகையைத் தவிர வேறு வேலை செய்யவேண்டி இருந்து செய்யாமல் விட்டால், அந்தப் பலகையில் 'சாலை திருத்தப்படும் வரை' என்று சேர்க்க வேண்டும், தேதியோடு.

முதல் மூன்றுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. 112-ஐ ஒருமுறை நிதானமாக, அதாவது 30-இல், படித்தால் போதும். நான்காவதற்குத் துணிச்சல் தேவை. அதற்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று அடுத்த நிதிநிலை அறிக்கையில் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சாலைக்கு டோலும், தங்கள் சந்தேகங்களுக்கு அபராதமும் தவறாமல் கட்டிவரும்
கடத்தூர்க்காரன்

நகல்:
1. மாநிலப் போக்குவரத்துத் துறைகள் அனைத்தும் – தத்தம் எல்லைக்குள் மனுவின் எண்களை மாற்றிப் படித்துக்கொள்ள.
2. கார் கம்பெனிகள் – 80-க்கும் 100-க்கும் இடையே எனக்கும் வண்டிக்கும் சமரசம் செய்துவைக்க.
3. நெடுஞ்சாலைத் துறையில் வேப்பங்கிளை வெட்டும் பிரிவு – உடனடி நடவடிக்கைக்கு.