திருநாளைக்கேட்பார்

பழைய ரெக்கார்டு பிளேயரைப் பழுதுபார்ப்பவர் வீட்டுக்குப் பாட்டுக் கேட்கப் போகாதீர்கள். அங்கே பாட்டு கிடையாது, பரிசோதனைதான்.

மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் என்று கடலூரில் எங்கும் இருப்பார். சிதம்பரம் வடக்கு வீதியிலும் இவருக்கொரு பங்காளி உண்டு. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் பெல்ட்டா, ரப்பர் சக்கரமா என்ற தகராறு.

இவரிடம் இருப்பது காயலான் கடையிலிருந்து மீட்ட கேரார்டு பிளேயர், இங்கிலாந்தில் ஸ்விண்டனில் செய்தது. "இப்ப கேளுங்க தம்பி" என்று முள்ளை வைப்பார். தண்டபாணி தேசிகர் பல்லவியைப் பிடிக்கிற நேரம் பார்த்துத் தூக்கிவிடுவார்.

"கேட்டீங்களா?"

"என்னது சார்?"

"அடியில கர்ர்னு ஓடுச்சே!"

எனக்கு தேசிகர்தான் கேட்டார். அவரையும் நிறுத்தியாயிற்று. 'கேட்கலை' என்றால், காதைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மறுபடி அந்தப் பத்து வினாடியைப் போடுவார். 'கேட்டது' என்றாலோ, "அப்ப கழட்டிடுவோம்." எப்படிச் சொன்னாலும் அனுபல்லவி கிடையாது.

குற்றவாளி ரப்பர் சக்கரம். மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்துவது அதுதான். ரப்பர் இறுகினால் நடுக்கத்தையும் சேர்த்துக் கடத்தும். சக்கரத்தை மாற்றினால் உப்புக்காற்று குற்றவாளி. அடுத்தது மேசை. கொத்தனாரிடம் வாங்கி வந்த ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, காலுக்கடியில் அட்டை செருகுவார். பிறகு நகைக்கடைத் தராசில் முள்ளின் அழுத்தம். பிறகு வேகம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை சிமிட்டுகிறது. எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று பிசகாமல் சுற்றினால், அதன்மேல் வைத்த அட்டையின் 180 கோடுகளும் அசையாமல் நிற்கவேண்டும். எல்.இ.டி. வெளிச்சத்தில் கோடுகள் சரியாக நிற்பதில்லை என்று அந்த அறையில் மட்டும் சோக் போட்ட பழைய டியூப்லைட். அதைப் பற்றி வீட்டம்மாவிடம் கேட்காதீர்கள்.

இத்தனைக்கும் 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம், மிஞ்சினால் கொஞ்சம் கூட. அதை முழுசாக ஓடவிட இவருக்குப் பொறுமையில்லை. கேட்டால் "நாளைக்கு வாங்க, முழுசா போட்டுடறேன்" என்பார். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே இருந்தவர் நந்தனார். 1942இல் ஜெமினியின் படத்தில் அந்த நந்தனாராக நடித்தவர் தேசிகர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராகவும் இருந்தவர். அவரைச் சரணம் வரைக்கும் கேட்கத்தான் சிதம்பரத்திலிருந்து நான் பஸ் பிடித்து வருகிறேன்.

ஒன்று சொல்லியாகவேண்டும். ஊரில் எவர் வீட்டுப் பரணில் எந்தப் பெட்டி செத்துக் கிடந்தாலும் காசு வாங்காமல் உயிர் கொடுப்பார். 2011 டிசம்பரில் தானே புயல் கூரையைப் பிய்த்தபோது தார்ப்பாயை முதலில் போர்த்தியது கேரார்டுக்குத்தான், தன் கட்டிலுக்கு அல்ல. அந்த மனுஷரிடம் கோபித்துக்கொள்ள வாய் வருவதில்லை.

ஆனால் இவர் பழுதுபார்த்துக் கொடுத்த வீடுகளிலெல்லாம் பாட்டு கடைசி வரை ஓடுகிறது. ஓடாதது இவர் வீட்டில் மட்டும்தான்.

ஐயா, கர்ரென்றால் கர்ரென்று இருக்கட்டும். தேசிகர் பாடி முடிக்கட்டும். அதற்கப்புறம் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுங்கள். நானே டார்ச் பிடிக்கிறேன்.